லார்ட் டேவிட் செசில்: எதில் தொடங்குவது, எதை எந்த அளவு நம்புவது

கேள்வி இது: "டேவிட் செசில் என்ற ஆங்கிலப் பிரபு எழுதிய வாழ்க்கை வரலாறுகளுக்கு அங்கங்கே பாராட்டு கண்ணில் படுகிறது. யார் இவர்? ஒரு பிரபு எதற்காகக் கவிஞர்களின் வாழ்க்கையை எழுதிக்கொண்டிருந்தார்? எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம்? அடிக்குறிப்பு அதிகம் இல்லாத இந்தப் பழைய புத்தகங்களை இன்று நம்பலாமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். ஒரு மனிதரின் சுபாவம் எப்படிப்பட்டது, அவர் புழங்கிய வீட்டில் எப்படிப் பேசிக்கொண்டார்கள், எதற்குச் சிரித்தார்கள், எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்பதற்கெல்லாம் செசிலை நம்பலாம். அரசியல், பணம், படுக்கையறை, ஏழைகள் என்றால் பக்கத்தில் இன்னொரு புத்தகமும் வேண்டும். இந்தப் பலமும் இந்தக் குறையும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. அந்த இடம் அவர் பிறந்த வீடு.

அதற்கு முன், பெயரில் உள்ள சிக்கலைத் தீர்த்துவிடலாம். நூலகத்தில் தேடும்போது உதவும். அவரை 'லார்ட் டேவிட் செசில்' என்றோ 'லார்ட் டேவிட்' என்றோ சொல்லலாம். 'லார்ட் செசில்' என்று எழுதினால் ஆளே மாறிவிடும். ட்யூக், மார்க்வெஸ் என்ற மேல்படி இரண்டிலும் உள்ள பிரபுக்களின் இளைய மகன்களுக்கு, முதற்பெயருக்கு முன்னால் 'லார்ட்' என்று மரியாதைக்காகச் சேர்ப்பது இங்கிலாந்து வழக்கம். அதை வைத்துக்கொண்டு பிரபுக்கள் சபையில் உட்கார முடியாது. மகனுக்கும் அது போகாது. மனைவியை 'லேடி டேவிட் செசில்' என்பார்கள். 'லார்ட் செசில்' என்றால், 1937இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற அவருடைய சித்தப்பா ராபர்ட் செசில் என்றுதான் விவரம் தெரிந்தவர்கள் எடுத்துக்கொள்வார்கள். போதாக்குறைக்கு, 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் தங்கம் வென்றவரும் ஒரு டேவிட் செசில்தான். அவர் இதே வம்சத்தின் மூத்த கிளை, எக்ஸிட்டர் மார்க்வெஸ். நம் ஆள் சால்ஸ்பரி கிளை. முழுக் குடும்பப் பெயர் காஸ்காய்ன்-செசில் என்பதால், நூலகப் பட்டியலில் 'செசில்' என்ற இடத்தில் கிடைக்காவிட்டால் அங்கும் ஒருமுறை பார்க்க வேண்டும். குடும்பத்தார் சொல்வது 'செசில்' அல்ல, 'சிசில்'. தமிழில் செசில் என்றே நிலைத்துவிட்டது, மாற்றத் தேவையில்லை.

வீட்டுக்கு வருவோம். லண்டனுக்கு வடக்கே ஹெர்ட்ஃபர்ட்ஷயரில் இருக்கிறது ஹாட்ஃபீல்டு மாளிகை. எலிசபெத் அரசியின் தலைமை அமைச்சராக இருந்த பர்லி பிரபுவின் இளைய மகன் ராபர்ட் செசில், 1607இல் தன் தியபால்ட்ஸ் மாளிகையை மன்னர் முதலாம் ஜேம்ஸுக்குக் கொடுத்து, பதிலாக ஹாட்ஃபீல்டை வாங்கிக்கொண்டார். புது மாளிகை 1611இல் எழுந்தது. அன்றிலிருந்து குடும்பம் அங்கேதான். 1902 ஏப்ரல் 9 அன்று டேவிட் பிறந்தபோது தாத்தா, மூன்றாம் சால்ஸ்பரி மார்க்வெஸ், பிரதமராக இருந்தார். அது அவருக்கு மூன்றாவது முறை. அதே ஆண்டு ஜூலையில் அவர் விலக, பதவிக்கு வந்தவர் அக்கா மகன் ஆர்தர் பால்ஃபர். சித்தப்பாமார்களில் ஒருவர் பிஷப், ஒருவர் நாடாளுமன்றத்தில் பேர்போன பேச்சாளர், ஒருவர் பின்னாளைய நோபல்காரர். அத்தை க்வெண்டலன் திருமணம் செய்துகொள்ளவில்லை; தன் தந்தையின் வாழ்க்கையை 1921 முதல் 1932 வரை நான்கு பாகங்களாக வெளியிட்டும் 1892க்கு மேல் நகர முடியவில்லை. இலக்கிய அளவிலும் நல்ல நூல் அது. ஆக, சாப்பாட்டு மேஜையில் அரசாங்கத்தைப் பற்றிய பேச்சு, மாடியில் ஒருவர் வாழ்க்கை வரலாறு எழுதிக்கொண்டிருப்பது, இரண்டுமே அந்தப் பையனுக்குச் சாதாரணம்.

நான்கு குழந்தைகளில் கடைக்குட்டி. மாளிகையும் நிலமும் பட்டமும் அண்ணனுக்கு. எனவே கதவு திறந்திருக்கும், சாவி கையில் இராது. இந்த நிலை ஓர் எழுத்தாளனுக்கு எவ்வளவு வசதி என்று யோசித்துப் பாருங்கள். எட்டு வயதில் கழுத்தில் காசநோய்க் கட்டி, அறுவைச் சிகிச்சை, அதற்குப் பின் நீண்ட காலம் படுக்கை. படிக்கும் பழக்கம் அங்கே வந்தது. உடம்பு சரியில்லாததால் ஈட்டன் பள்ளிக்கு மற்றவர்களைவிடத் தாமதமாகப் போனார்; போன பிறகும் வாரத்தில் ஒரு நாள் படுக்கையில் கழித்தே தாக்குப்பிடித்தார். அவர் பின்னால் தேர்ந்தெடுத்த ஆட்களைப் பாருங்கள்: கூப்பர், தாமஸ் கிரே, டாரத்தி ஆஸ்போர்ன், சார்ல்ஸ் லாம், ஜேன் ஆஸ்டன். ஒருவரும் போர்க்களம் பார்த்தவர் அல்ல. உலகத்தின் இரைச்சலுக்குச் சற்று ஒதுங்கி உட்கார்ந்து கடிதம் எழுதியவர்கள்.

ஆக்ஸ்ஃபர்டில் கிரைஸ்ட் சர்ச் கல்லூரியில் அவர் படித்தது ஆங்கில இலக்கியம் அல்ல, வரலாறு. 1924இல் முதல் வகுப்பு. உடனே வாடம் கல்லூரியில் ஃபெலோ, அதாவது கல்லூரியின் ஆசிரிய உறுப்பினர். 1930இல் அதை விட்டுவிட்டு முழுநேரம் எழுதப் போனார். 1932இல் ரேச்சல் மெக்கார்த்தியை மணந்தார். மாமனார் டெஸ்மண்ட் மெக்கார்த்தி, லண்டன் எழுத்தாளர்களும் கலைஞர்களும் சேர்ந்த ப்ளூம்ஸ்பரி வட்டத்தின் விமர்சகர். 1939இல் நியூ காலேஜ் ஃபெலோவாக ஆக்ஸ்ஃபர்டுக்குத் திரும்பியவர், 1948 முதல் 1969 வரை ஆங்கில இலக்கியத்துக்கான கோல்ட்ஸ்மித்ஸ் பேராசிரியர். அந்த நாற்காலிக்கு அடுத்து வந்தவர் ரிச்சர்ட் எல்மன். ஜேம்ஸ் ஜாய்ஸின் வாழ்க்கையைக் கடன் பாக்கி வரை ஆவணம் வைத்து எழுதிய அமெரிக்கர். வாழ்க்கை வரலாறு என்ற கலை எந்தத் திசையில் போயிற்று என்பதை இந்த ஒரு பணிமாற்றமே காட்டிவிடும்.

முதல் புத்தகம் 1929இல் வந்த 'தி ஸ்ட்ரிக்கன் டியர்', அதாவது அம்பு பட்ட மான். கவிஞர் வில்லியம் கூப்பரின் வாழ்க்கை. தலைப்பு கூப்பரின் 'தி டாஸ்க்' என்ற நெடுங்கவிதையிலிருந்து எடுத்தது. மந்தையை விட்டு நெடுநாளைக்கு முன்பே விலகிவிட்ட, அம்பு பட்ட மான் தான் என்று அங்கே கவிஞர் தம்மைச் சொல்லிக்கொள்கிறார். நூலுக்கு ஹாதார்ண்டன் பரிசும் ஜேம்ஸ் டெய்ட் பிளாக் பரிசும் கிடைத்தன. இருபத்தேழு வயதுக்காரர் எழுதியது என்று நம்புவது கஷ்டம்.

கூப்பரின் கதை வெளியிலிருந்து பார்த்தால் சம்பவமே இல்லாதது. 1731இல் பிறந்தார், ஆறு வயதில் தாய் போனாள், சட்டம் படித்தார். 1763இல் உறவினர் ஒருவர் பிரபுக்கள் சபையில் நல்ல எழுத்தர் வேலை ஒன்றுக்கு அவர் பெயரைச் சொன்னார். வேலை கிடைப்பதற்குச் சபையின் முன் நின்று கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்த அச்சமே மனத்தை உடைத்தது, தற்கொலைக்கு முயன்றார், செயின்ட் ஆல்பன்ஸில் டாக்டர் காட்டனின் மனநோய் விடுதியில் சேர்க்கப்பட்டார். தேறி வந்த பின் அன்வின் என்ற பாதிரியார் குடும்பத்தோடு தங்கினார். 1767இல் குதிரையிலிருந்து விழுந்து பாதிரியார் இறந்ததும், மனைவி மேரி அன்வினோடு ஓல்னி ஊருக்குக் குடிபெயர்ந்தார். அடிமைக் கப்பல் ஓட்டிப் பின் மதபோதகரான ஜான் நியூட்டன் அங்கே இருந்தார். 1773இல் ஒரு கனவில், இரட்சிப்பு உனக்கு இல்லை என்ற தீர்ப்பைக் கேட்டதாக நம்பினார். அந்த நம்பிக்கை 1800இல் சாகும் வரை அவரை விடவில்லை. நடுவில் தோட்டம், மூன்று முயல்கள், தேநீர், கடிதங்கள், ஹோமர் மொழிபெயர்ப்பு. (முயல்களின் பெயர் பஸ், டைனி, பெஸ். பெண் பெயர்கள் இருந்தாலும் மூன்றும் ஆண் என்று கூப்பரே மெனக்கெட்டு எழுதிவைத்திருக்கிறார்.)

இதை எழுதப் போகிறவர் வழுக்கக்கூடிய இடம் ஒன்று உண்டு. பைத்தியத்துக்குக் காரணம் நியூட்டனின் கடும் மதபோதனை என்று ஒரே வரியில் முடித்துவிடத் தோன்றும், பலர் முடித்திருக்கிறார்கள். ஆனால் காலவரிசை அதற்கு இடம் தராது. முதல் முறிவு 1763, நியூட்டன் அறிமுகம் 1767. செசில் வரலாறு படித்தவர் என்பது இங்கே கைகொடுக்கிறது. நோய் எங்கே முடிந்து மதம் எங்கே தொடங்குகிறது என்று கோடு போடும் அவசரம் அவரிடம் இல்லை. நியூட்டனை வில்லனாக்கவும் இல்லை. இன்னொருபுறம் லிட்டன் ஸ்ட்ரேச்சியின் நிழல் வேறு. 1918இலும் 1921இலும் வந்த ஸ்ட்ரேச்சியின் நூல்கள், குட்டையாகவும் குத்தலாகவும் வாழ்க்கை எழுதும் மோகத்தைக் கிளப்பிவிட்டிருந்தன. செசில் அவரிடமிருந்து வடிவத்தை எடுத்துக்கொண்டார், கிண்டலை விட்டுவிட்டார். ஒரு பக்தனின் பயத்தை, தானும் பக்தியுள்ளவர் என்பதால், நக்கல் இல்லாமல் எழுத முடிந்தது.

அவர் புத்தகங்களில் உச்சம் 'தி யங் மெல்போர்ன்' (1939). விக்டோரியா அரசியின் முதல் பிரதமரான மெல்போர்ன் பிரபுவின் இளமைக் காலம். இதன் தொடர்ச்சி 'லார்ட் எம்' பதினைந்து ஆண்டு கழித்து 1954இல் வந்தது. பின்னர் இரண்டும் 'மெல்போர்ன்' என்று ஒரே நூலாகவும் அச்சாயின. பழைய புத்தகக் கடையில் வாங்கும்போது இதைக் கவனியுங்கள். 'தி யங் மெல்போர்ன்' மட்டும் வாங்கினால் நாயகர் பிரதமராவதற்கு வெகு முன்பே கதை நின்றுவிடும். அதில் தவறில்லை, அதுதான் சிறந்த பாதி. ஆனால் தெரிந்து வாங்க வேண்டும். ஜான் கென்னடிக்குப் பிடித்த புத்தகங்கள் என்று 1961இல் வெளியான பட்டியலில் இது இருந்தது. அமெரிக்காவில் பெயர் பரவியதற்கு அது ஒரு காரணம்.

ஒரு செசில் நூல் எப்படிக் கட்டப்படுகிறது என்பதற்கு இதையே மாதிரியாகப் பிரித்துப் பார்க்கலாம். பிறந்த தேதியில் அவர் தொடங்க மாட்டார். முதலில் ஒரு சமூகம்: பதினெட்டாம் நூற்றாண்டின் விக் கட்சிப் பிரபுக்கள், அவர்களுடைய நாட்டுப்புற மாளிகைகள், லண்டன் விருந்துப் பருவம், சூதாட்டம், அரசியல், கள்ளத் தொடர்புகள், கிரேக்கம் லத்தீன் படிப்பு, எல்லாம் ஒரே வீட்டுக் கூடத்தில். அடுத்து அந்தச் சமூகத்தை ஆளாக்கியதுபோல் ஒருவர்: தாய் லேடி மெல்போர்ன். கெட்டிக்காரி, நிதானி, கணவரல்லாத ஆண்களோடு கொண்ட தொடர்புகளிலும் நிதானி. வில்லியம் லாமின் (மெல்போர்னின் சொந்தப் பெயர் அது) உண்மைத் தந்தை எக்ரிமண்ட் பிரபு என்ற ஊர்ப்பேச்சை மூடி மறைக்காமல், துள்ளிக் குதிக்காமலும் சொல்லிக் கடக்கிறார். அதற்குப் பிறகுதான் நாயகர் உள்ளே வருகிறார். நாம் ஏற்கெனவே அந்த வீட்டுக்குப் பழகிவிட்டதால், அவர் பேசும் முதல் வாக்கியமே புரிகிறது.

பிறகு சம்பவங்கள், ஆனால் காரணத்தோடு கோத்தவை. 1805 ஜனவரியில் அண்ணன் பெனிஸ்டன் இறக்கிறார். இளைய மகனாக வழக்கறிஞர் தொழிலில் இறங்கியிருந்த வில்லியம் ஒரே நாளில் வாரிசு. அதனால்தான் அதே ஜூனில் லேடி கேரலைன் பொன்சன்பியைக் கைப்பிடிக்க முடிகிறது. 1812இல் கேரலைனுக்குக் கவிஞர் பைரன் மீது பித்து, ஊர் சிரிக்கிறது. அந்தப் பைரனே மாமியார் லேடி மெல்போர்னுக்கு அந்தரங்க நண்பராகி, 1815இல் அவருடைய மருமகள் முறையுள்ள அனபெல்லாவை மணக்கிறார். 1816இல் கேரலைன் தன் குடும்பத்தையே வைத்து 'க்ளெனார்வன்' என்ற நாவல் எழுதிவிடுகிறார். பிறந்த ஒரே மகனுக்கு வலிப்பு நோய். 1825இல் பிரிவு, 1828இல் கேரலைன் மரணம். இந்த அமளியில் வில்லியம் என்ன செய்தார்? படித்தார். பொறுத்துக்கொண்டார். பின்னாளில் பிரதமராக அவர் வாயில் அடிக்கடி வந்த 'அதைச் சும்மா விட்டுவிடக் கூடாதா?' என்ற கேள்வி எங்கிருந்து வந்தது என்று வாசகருக்குச் சொல்ல வேண்டியதே இல்லை. அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு திருமணம் இருக்கிறது.

இந்த நெருக்கம் கற்பனையால் மட்டும் வந்ததல்ல. மெல்போர்னின் ப்ராக்கெட் மாளிகை ஹாட்ஃபீல்டிலிருந்து சில மைல் தூரம். மெல்போர்னும் கேரலைனும் அடக்கம் செய்யப்பட்டது ஹாட்ஃபீல்டு செயின்ட் எதெல்ட்ரெடா தேவாலயத்தில். செசிலின் தாத்தா மூன்றாம் மார்க்வெஸ் கிடப்பதும் அங்கேதான். தன் நாயகரின் கல்லறையும் தன் முன்னோர் கல்லறையும் ஒரே கோயிலில் இருக்கும் வாழ்க்கை வரலாற்றாசிரியர் எத்தனை பேர்?

இனி குறை. மெல்போர்ன் 1830இல் உள்துறை அமைச்சரானார். அந்தக் குளிர்காலத்தில் தெற்கு இங்கிலாந்தில் பண்ணைத் தொழிலாளர்கள் கதிரடிக்கும் இயந்திரங்களை உடைத்துக் கிளர்ந்தார்கள். பத்தொன்பது பேர் தூக்கிலிடப்பட்டனர், ஏறத்தாழ ஐந்நூறு பேர் நாடுகடத்தப்பட்டனர். 1834இல் டால்பட்டில் கிராமத்துத் தொழிலாளர் ஆறு பேர், சங்கம் சேர்ந்து இரகசிய உறுதிமொழி எடுத்ததற்காக ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்டனர். இவை நடந்தது 'சும்மா விட்டுவிடக் கூடாதா' என்று கேட்ட அதே மனிதரின் துறையில். செசிலின் இரண்டாம் பாகம் இதைச் சொல்லாமல் இல்லை; ஆனால் அதன் மனம் விண்ட்ஸரில், பதினெட்டு வயது அரசிக்குப் பக்கத்தில் சோபாவில் உட்கார்ந்து கதை சொல்லும் முதியவரிடம் இருக்கிறது. கூடத்தில் இருந்து எழுதுகிறவருக்குக் கூடத்தில் நடப்பது தெளிவாகக் கேட்கும், வயலில் நடப்பது மங்கலாகத்தான் கேட்கும். மெல்போர்னின் பாலியல் விநோதங்களும் செசிலிடம் கிடைக்காது. எனவே 'லார்ட் எம்' படிப்பவர்கள் பிலிப் சீக்லரின் 1976ஆம் ஆண்டு நூலையோ எல். ஜி. மிட்செலின் 1997ஆம் ஆண்டு நூலையோ சேர்த்துப் படிப்பது நல்லது. 'தி யங் மெல்போர்ன்' நூலுக்கு இந்தத் துணை அவ்வளவு அவசரமில்லை.

அடுத்து 'டூ கொயட் லைவ்ஸ்' (1948). அளவில் சின்னது. முதல் பாதி டாரத்தி ஆஸ்போர்ன்: உள்நாட்டுப் போரில் மன்னர் பக்கம் நின்று நொடித்த குடும்பத்துப் பெண். வில்லியம் டெம்பிளைக் காதலித்து, இரு வீட்டாரும் சம்மதிக்காமல் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார். பெட்ஃபர்ட்ஷயரில் சிக்சாண்ட்ஸ் வீட்டிலிருந்து 1652 முதல் 1654 வரை அவர் எழுதிய கடிதங்கள்தான் மூலம். திருமணத்துக்குச் சற்று முன் பெரியம்மை வந்து முகம் கெட்டது; டெம்பிள் பின்வாங்கவில்லை; 1654 கிறிஸ்துமஸ் அன்று திருமணம். டெம்பிள் எழுதிய பதில்கள் ஏறக்குறைய முழுவதும் இல்லை. ஒரு பக்கம் மட்டும் காதில் விழுகிற தொலைபேசி உரையாடலைப் போல, இல்லாத பாதியை வாசகர் ஊகிக்கும்படி விட்டு எழுதுவது எப்படி என்று பார்க்க இதைவிட நல்ல பாடம் இல்லை. இரண்டாம் பாதி தாமஸ் கிரே. கேம்ப்ரிட்ஜை விட்டு அதிகம் நகராதவர். தீ பற்றினால் இறங்குவதற்கு ஜன்னலில் இரும்புக் கம்பி மாட்டிக் கயிற்றேணி வைத்திருந்தவர். 1756இல் மாணவர்கள் அதை வைத்துக் கேலி செய்ததும் கோபித்துக்கொண்டு பீட்டர்ஹவுஸை விட்டு எதிரே பெம்ப்ரோக் கல்லூரிக்கு மாறியவர். கிரே பகுதி நன்றாக இருக்கிறது, டாரத்தி பகுதி அதைவிட நன்றாக இருக்கிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 'மேக்ஸ்' (1964), கேலிச்சித்திரக்காரரும் கட்டுரையாளருமான மேக்ஸ் பீர்போமின் வாழ்க்கை: பருமன் அதிகம், இறுக்கம் குறைவு. நாயகர் மேல் பிரியம் கூடிப்போனால் எதையும் வெட்ட மனம் வராது, அதுதான் நடந்தது. 1969இல் ஓவியர்கள் சாமுவேல் பாமர், பர்ன்-ஜோன்ஸ் பற்றிய இரட்டைச் சித்திரம். 1973இல் தன் குடும்ப வரலாறு 'தி செசில்ஸ் ஆஃப் ஹாட்ஃபீல்டு ஹவுஸ்'. இதில் பழைய நூற்றாண்டுகளைவிடத் தாத்தா, சித்தப்பாக்கள் பற்றிய கடைசிப் பகுதிதான் உயிரோடு இருக்கிறது. 1978இல் ஜேன் ஆஸ்டன், 1983இல் சார்ல்ஸ் லாம். இரண்டையும் 'போர்ட்ரெய்ட்' என்றே தலைப்பில் சொல்கிறார். முழு வாழ்க்கை வரலாறு என்று எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றம். ஆஸ்டன் நூல் படத்தோடு கூடிய நல்ல அறிமுகம், அவ்வளவே. விவரம் வேண்டுமென்றால் கிளேர் டொமாலின் 1997இல் எழுதியது. (ஜேனின் தம்பி, கடற்படை அதிகாரி சார்ல்ஸ் ஆஸ்டன் 1852இல் பர்மாவில் ஐராவதி ஆற்றில் காலராவால் இறந்து, திருகோணமலையில் புதைக்கப்பட்டார். அங்கே போகிறவர்கள் கல்லறையைப் பார்க்கலாம்.)

சார்ல்ஸ் லாமைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மெல்போர்னின் குடும்பப் பெயரும் லாம்தான். இருவருக்கும் எந்த உறவும் இல்லை. ஒருவர் பிரபு, இன்னொருவர் லண்டன் லெடன்ஹால் தெருவில் கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலகத்தில் 1792 முதல் 1825 வரை முப்பத்துமூன்று ஆண்டு கணக்கெழுதிய குமாஸ்தா. ஷேக்ஸ்பியர் கதைகளை உரைநடையில் எழுதி நம் பள்ளிகள் வரை வந்து சேர்ந்தவர்கள் அவரும் அக்கா மேரியும். 1796இல் மனம் பேதலித்த மேரியின் கையால் தாய் இறந்ததிலிருந்து, அக்காவை நிரந்தரமாக விடுதியில் அடைக்க விடாமல் தன் பொறுப்பில் வைத்துக்கொண்டவர். எண்பது வயதை நெருங்கிய செசில் இந்த வாழ்க்கைக்கு வந்தது தற்செயலாகத் தோன்றவில்லை. அம்பு பட்ட இன்னொரு மான்.

விமர்சகராக அவரைப் பற்றி இரண்டு பத்தி போதும். எம்.ஏ. ஆங்கிலம் படித்தவர்கள் அவர் பெயரை முதலில் கேட்டது எமிலி ப்ரான்டியின் 'வதரிங் ஹைட்ஸ்' பாடத்தில் இருக்கலாம். அந்த நாவலின் மாந்தர்களைப் புயலின் பிள்ளைகள், அமைதியின் பிள்ளைகள் என்று பிரித்துக் காட்டிய கட்டுரை, 1934இல் வந்த 'எர்லி விக்டோரியன் நாவலிஸ்ட்ஸ்' தொகுப்பில் உள்ளது. நாவலின் இரு வீடுகளையும் இரண்டு தத்துவங்களாக வாசித்த அந்தப் பார்வை இன்றும் நிற்கிறது. அதே தொகுப்பில் எலிசபெத் காஸ்கெல்லைக் கழுகுகளுக்கு நடுவே ஒரு புறா என்று எழுதியது நிற்கவில்லை. ஆலைத் தொழிலாளர் வாழ்க்கையை நாவலாக்கியவரைப் புறா என்பதற்குக் கூடத்துப் பார்வைதான் வேண்டும். 1942இல் கேம்ப்ரிட்ஜில் நிகழ்த்திய கிளார்க் சொற்பொழிவுகள் 'ஹார்டி தி நாவலிஸ்ட்' என்று 1943இல் நூலாயின. சின்ன, தெளிவான அறிமுகம்.

கேம்ப்ரிட்ஜ் விமர்சகர் எஃப். ஆர். லீவிஸுக்குச் செசிலைக் கண்டால் ஆகாது. 1948இல் வந்த 'தி கிரேட் டிரடிஷன்' நூலில், ஜார்ஜ் எலியட்டின் ஒழுக்க நோக்கைச் செசில் அணுகிய விதத்தைப் பெயர் சொல்லியே தாக்குகிறார். படிப்பது ஒரு நுண்கலை, அதன் பயன் இன்பம் என்று பேராசிரியர் பதவியேற்புரையிலேயே வாதாடியவருக்கும், இலக்கியம் தீர்ப்புச் சொல்லும் வேலை என்று நம்பியவருக்கும் ஒத்துப்போகாதுதான். நாவலாசிரியர் கிங்ஸ்லி ஏமிஸ் ஆய்வு மாணவராகச் செசிலிடம் வந்து, ஆள் கையில் அகப்படாமல் வேறு மேற்பார்வையாளரிடம் மாறினார். பிறகு அந்த ஆய்வேட்டுக்குத் தேர்வாளராக உட்கார்ந்து அதைத் தேறவிடாமல் செய்தவர்களில் செசிலும் ஒருவர். ஏமிஸ் இதைக் கடைசி வரை மறக்கவில்லை. லீவிஸ் சொன்னதில் பாதி நியாயம் உண்டு என்றே நினைக்கிறேன்: செசிலின் விமர்சனத்தில் உரசல் இல்லை. ஆனால் வாழ்க்கை வரலாற்றில் அந்த உரசலின்மை வேறு வேலை செய்கிறது. தீர்ப்பைத் தள்ளிவைப்பதால் ஆள் பேச இடம் கிடைக்கிறது.

இவரைப் பார்த்துத் தாமும் எழுத நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அடிக்குறிப்பு இல்லாமல், 'அவர் மனம் அன்று கலங்கியது' என்று எழுதுவது எளிது போலத் தெரியும். செசிலால் அப்படி எழுத முடிவது, அந்தக் கலக்கம் ஏதோ ஒரு கடிதத்திலோ நாட்குறிப்பிலோ இருப்பதால். கூப்பருக்கும் கிரேக்கும் டாரத்திக்கும் கடிதங்கள் குவிந்து கிடந்தன. மெல்போர்னுக்குத் தன் கடிதங்கள் போதாதென்று விக்டோரியாவின் நாட்குறிப்பும் இருந்தது. கடிதம் இல்லாத ஆளை எடுத்துக்கொண்டு இதே நடையில் இறங்கினால் மூன்றாம் அத்தியாயத்தில் அது நாவலாகிவிடும். வேலை செய்யும்போது ஒவ்வொரு மனநிலை வாக்கியத்துக்கும் பக்கத்தில் ஆதாரத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, அச்சுக்குப் போகையில் வேண்டுமானால் எடுத்துவிடலாம். இன்னொரு பொறி, பெயரடைகள். ஒருவரை அறிமுகம் செய்யும்போது செசில் நான்கைந்து பண்புச் சொற்களை வரிசையாக அடுக்குவார். ஆனால் அவற்றில் இரண்டு ஒன்றுக்கொன்று இடிக்கும். அந்த இடியில்தான் ஆள் தெரிகிறார். இடிக்காத ஐந்து சொற்களை அடுக்கினால் அது இரங்கல் செய்தி.

படிக்கும் வரிசை: முதலில் 'டூ கொயட் லைவ்ஸ்' நூலின் டாரத்தி பகுதி. இரண்டு மாலையில் முடியும். நடை உங்களுக்கு ஒத்துவருமா என்று தெரிந்துவிடும். ஒத்துவந்தால் 'தி யங் மெல்போர்ன்'. தொடக்கத்தில் வரும் பிரபுக் குடும்பப் பெயர்கள் குழப்பும். டெவன்ஷயர், பெஸ்பரோ, மெல்போர்ன், எக்ரிமண்ட் என்ற நான்கை மட்டும் ஒரு தாளில் உறவோடு குறித்துக்கொண்டால் போதும். மூன்றாவதாக 'தி ஸ்ட்ரிக்கன் டியர்'. இதோடு கூப்பரின் கடிதங்களையும் பார்க்க விரும்பினால், ஜேம்ஸ் கிங், சார்ல்ஸ் ரிஸ்காம்ப் பதிப்பித்து 1979 முதல் 1986 வரை ஆக்ஸ்ஃபர்டு வெளியிட்ட ஐந்து தொகுதிகள் செசில் காலத்தில் இல்லாத பதிப்பு. ஒரு தேதியில் இரண்டுக்கும் முரண் வந்தால் தொகுதிகளை நம்புங்கள். 'லார்ட் எம்' நான்காவது. 'மேக்ஸ்' நூலை பீர்போமின் கட்டுரைகள் பிடித்தவர்கள் மட்டும் எடுக்கலாம். அப்போதும் என். ஜான் ஹால் 2002இல் எழுதியது கைக்கு அடக்கம். பெரும்பாலான நூல்களின் முதல் பதிப்பு லண்டன் கான்ஸ்டபிள் நிறுவனம். பழைய புத்தகத் தேடலில் அந்தப் பெயரையும் சேர்த்துக் கொடுத்தால் சீக்கிரம் அகப்படும்.

தமிழில் மொழிபெயர்க்கலாமா என்றால், அனுமதி வாங்கித்தான். செசில் இறந்தது 1986 ஜனவரி 1. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த ஆண்டு முடிந்து அறுபது ஆண்டு, ஆக 2046 டிசம்பர் 31 வரை உரிமை உண்டு. இலங்கையிலும் பிரிட்டனிலும் எழுபது ஆண்டு, அதாவது 2056 முடிய. அவர் ஒரு நாள் முன்னால், 1985 டிசம்பர் 31 அன்று இறந்திருந்தால் எல்லாக் கணக்கிலும் ஓர் ஆண்டு குறைந்திருக்கும். மேற்கோளாக அங்கங்கே சில வரிகள் எடுத்து விமர்சனத்தில் பயன்படுத்துவதற்குத் தடையில்லை. கூப்பர், கிரே, டாரத்தி ஆகியோரின் கவிதைகளையும் கடிதங்களையும் பழைய பதிப்புகளிலிருந்து யாரும் மொழிபெயர்க்கலாம். டாரத்தி ஆஸ்போர்னின் கடிதங்களைத் தமிழில் கொண்டுவர நினைப்பவர் செசிலுக்காக 2046 வரை காத்திருக்க வேண்டியதில்லை.